மட் க்ரீக்கில் சரிந்து விழுந்த மண்ணின் மேலேயே சாலை போட்டது சரிதானா?

கடலோரப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியாளன் அல்லன். கட்டட ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவன். 2019-இல் கலிபோர்னியாவில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மருமகன் எங்களைச் சான் சிமியனிலிருந்து வடக்கு நோக்கி, பிக் சர் மலைக்கரை வழியே செல்லும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் அழைத்துச் சென்றார். இடப்பக்கம் செங்குத்தான பள்ளத்தின் அடியில் பசிபிக் கடல், வலப்பக்கம் மலை. கோர்டா என்னும் சிற்றூருக்குச் சற்று முன்பாக, புல் பூண்டு எதுவுமின்றி மொட்டையாக நின்ற ஒரு பெரிய சரிவின் குறுக்கே சாலை புதிதாகப் போடப்பட்டிருந்தது. "மாமா, நாம் இப்போது போய்க்கொண்டிருப்பது மலையிலிருந்து விழுந்த மண்ணின் மேல்தான்" என்று மருமகன் சொன்னபோது நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பின் படித்துப் பார்த்ததில் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. 2017 மே 20 அன்று மட் க்ரீக் என்னும் அந்த இடத்தில் 50 லட்சம் கனகெஜத்துக்கும் அதிகமான மண்ணும் பாறையும் சரிந்து, சாலையைக் கால் மைலுக்கு மேல் மூடிவிட்டுக் கடலுக்குள் இறங்கி, ஏறத்தாழ 13 ஏக்கர் புதிய நிலத்தையே உண்டாக்கியிருக்கின்றன. 14 மாதங்கள் கழித்து, 2018 ஜூலையில், 5.4 கோடி டாலர் செலவில் சாலை திறக்கப்பட்டிருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். கொட்டி நிரப்பிய மண்ணில் வீடு கட்டுவதென்றால், இரண்டு மழைக்காலமாவது மண் இறுகட்டும் என்று எங்கள் மேஸ்திரிகளே காத்திருக்கச் சொல்வார்கள். அப்படியிருக்க, ஒரு மலையே உடைந்து விழுந்த குவியலின் மேல் ஓராண்டு சொச்சத்தில் நெடுஞ்சாலை போடும் துணிவு எங்கிருந்து வந்தது? அந்த மண்ணை முழுவதுமாக அள்ளிவிட்டுப் பழைய சாலையை மீட்டிருக்கலாகாதா? அல்லது சுரங்கமோ பாலமோ அமைத்து ஒரேயடியாகத் தீர்த்திருக்கலாகாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

சரிவுப் பொறியாளர்:

வணக்கம் ஐயா. மலைச்சரிவுகளை நிலைப்படுத்தும் வேலைதான் என் தொழில். ஆனால் மட் க்ரீக் திட்டத்தில் நான் பணியாற்றியவன் அல்லன். எங்கள் துறையில் பலரும் எடுத்துப் பேசும் இடம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மலையைப் பற்றி. சாண்டா லூசியா மலைத்தொடர் கடலிலிருந்து எழும் வேகம் அசாதாரணமானது. அங்குள்ள கோன் பீக் என்னும் சிகரம் கடலிலிருந்து மூன்றே மைல் தொலைவில் 5,155 அடி உயரத்தை எட்டிவிடுகிறது. அதன் தென்பகுதிக் கடலோரம் பெரும்பாலும், ஃபிரான்சிஸ்கன் தொகுதி என்று நிலவியலார் அழைக்கும், கடலடித் தட்டுகளின் உராய்வில் நசுங்கி நொறுங்கிக் கலந்துபோன பாறைகளால் ஆனது. ஓரிடத்தில் கருங்கல் போன்ற கடினம், பத்தடி தள்ளினால் கையால் பிசையக்கூடிய களிமண் என்று அது கலவையாக இருக்கும். இப்படிப்பட்ட மலையின் அடிவாரத்தை அலை அரித்துக்கொண்டேயிருக்கும்போது, 1937-இல் அதன் நெஞ்சுப்பகுதியை வெட்டிச் சாலையைத் திறந்தார்கள். கட்டிய காலத்தில் சான் க்வென்டின் சிறையிலிருந்து கைதிகளையும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அன்றிலிருந்து அந்தச் சாலையின் வரலாறே மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது.

மட் க்ரீக் சரிவும் ஒரே நாளில் நேர்ந்ததன்று. செயற்கைக்கோள் ரேடார் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தவர்கள், அந்தச் சரிவு குறைந்தது 2009 முதலே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். மழைக்காலத்தில் சற்று விரைவாகவும் வெயிற்காலத்தில் நிதானமாகவும், உடைந்து விழாமல், ஆண்டுக்கணக்கில் அது நகர்ந்திருக்கிறது. பல ஆண்டு வறட்சிக்குப் பின் 2016-17 குளிர்காலத்தில் பெருமழை கொட்டியபோது, மண் துகள்களுக்கிடையே நிற்கும் நீரின் அழுத்தம் உயர்ந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்த துகள்களின் பிடி தளர்ந்து, அதுவரை தாங்கிய சரிவு மே மாதத்தில் தாங்க முடியாமல் போனது. கவனியுங்கள், அடைமழை பெய்துகொண்டிருந்த நாளில் அது விழவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் ஏற்பட்ட சிறு சரிவுகளை அங்கே பணியாளர்கள் அகற்றிக்கொண்டிருந்தார்கள். நிலம் நகர்வதைக் கண்டு அவர்களை முன்கூட்டியே வெளியேற்றியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கணக்கர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு லாரியில் 10 கனகெஜம் ஏற்றலாம் என்று வைத்துக்கொண்டால், 50 லட்சம் கனகெஜத்துக்கு 5 லட்சம் நடைகள் வேண்டும். நாளொன்றுக்கு 100 நடை என்றாலும் 5,000 நாட்கள், அதாவது ஏறக்குறைய 14 ஆண்டுகள். அவ்வளவு மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அந்த மலைக்கரையில் சமதளமும் கிடையாது. கடலில் தள்ளிவிடலாமே என்றால், 1992 முதல் அந்தக் கடற்பகுதி மான்டரே விரிகுடா தேசியக் கடல் சரணாலயத்துக்குள் வருகிறது. முன்பு அப்படித்தான் செய்தார்கள். 1983-இல் ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் பூங்காவுக்கு அருகில் விழுந்த பெருஞ்சரிவைச் சீர்செய்ய ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அப்போது கீழே தள்ளிய மண் கடல் நீரோட்டத்தில் வந்து ஒதுங்கி, அதுவரை நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்த மெக்வே அருவியின் அடியில் ஒரு மணல் திட்டையே உண்டாக்கிவிட்டது. இன்று படங்களில் காணும் அந்த அழகிய சிறு கடற்கரை உண்மையில் சாலைப்பணியின் மிச்சம்தான்!

ஆனால் லாரிக் கணக்கைவிட முக்கியமான காரணம் வேறு. விழுந்த மண் இப்போது மலையின் காலடியில் ஒரு முட்டுச்சுவரைப் போல அமர்ந்திருக்கிறது. அதை அள்ளினால், மேலே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு இருந்த ஆதாரத்தை நாமே பிடுங்கியதாகும். சாய்ந்து நிற்கும் மூட்டை அடுக்கில் அடி மூட்டையை உருவினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சரிந்த நிலம் முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த சாய்வில் படுத்திருப்பதால், அந்த மண்பொதி சரிவுக்கு முன்பிருந்த மலையைவிட ஒருவகையில் நிம்மதியாகவே இருக்கிறது. உங்கள் மேஸ்திரிகள் அஞ்சுவது மண் சீராக இறுகாமல் ஆங்காங்கே அமிழ்ந்து சுவர் வெடிக்குமே என்பதற்காக. சாலைக்கு அந்த அச்சம் குறைவு. நான்கு அங்குலம் அமிழ்ந்தால் தார்க்கலவையை இன்னொரு படலம் போட்டுக்கொள்ளலாம், வீட்டை அப்படித் தூக்கி நிறுத்த முடியாது.

ஆகவே 2017 ஆகஸ்டில் கால்ட்ரான்ஸ், அதாவது மாநிலப் போக்குவரத்துத் துறை, சரிவின் மேலேயே சாலை அமைப்பதென்று அறிவித்தது. அப்போது மதிப்பிட்ட தொகை 4 கோடி டாலர், முடிந்தபோது 5.4 கோடி. வேலையின் பெரும்பகுதி சாலையில் நடக்கவே இல்லை. மேலிருந்து உருளும் கற்கள் சாலையை எட்டாதபடி மண்கரைகளும் கம்பி வலைகளும் அமைத்தார்கள். நீர் தேங்காமல் வடிந்தோட, சாலைக்கு அடியில் கல்வெர்ட்டுகள் என்னும் நீர்க்குழாய்களைப் பதித்தார்கள். அலைகள் புதுமண்ணைக் கரைத்துவிட்டால் முட்டுச்சுவர் மீண்டும் இளைத்துவிடும் என்பதால், கடலோரத்தில் பெரும் பாறாங்கற்களை அடுக்கினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் விமானத்திலிருந்து திரும்பத் திரும்பப் படம் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முப்பரிமாண வரைபடமாக்கி, எந்த மூலை எவ்வளவு அசைந்தது, கடல் எவ்வளவு தின்றது என்று அளந்துகொண்டேயிருந்தார்கள்.

குடைவரை:

மேலே எழுதியவரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது கால்ட்ரான்ஸின் முடிவுக்குப் பின்னாலிருந்து தேடிய நியாயமோ என்ற ஐயமும் எனக்கு எழுகிறது. அதே ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு என்ற இடத்தில், 1995-இலும் 2006-இலும் மாதக்கணக்கில் சாலையை மூடிவைத்து ஒட்டுப்போட்டுப் பார்த்தார்கள். 1996-இலேயே சான் மட்டேயோ மாவட்ட வாக்காளர்கள் சுரங்கமே வேண்டும் என்று வாக்களித்துவிட்டார்கள். 2013-இல் டாம் லான்டோஸ் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. பழைய சாலை மறு ஆண்டே நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் மாறிவிட்டது. அதன் பிறகு டெவில்ஸ் ஸ்லைடால் போக்குவரத்து நின்றது என்ற செய்தி எங்கேனும் உண்டா?

பிக் சரிலேயே உதாரணம் இருக்கிறது. லைம்கில்ன் பூங்காவுக்கு அருகில் பிட்கின்ஸ் வளைவில், விழும் கற்கள் அடியில் புகுந்து கடலுக்குப் போகும்படி ஒரு பாலத்தையும், அதையடுத்து ரெயின் ராக்ஸ் என்ற இடத்தில் கற்கள் மேலே விழுந்து வழிந்தோடும்படி கூரையுள்ள கான்கிரீட் காப்பகத்தையும் 2014-இல் முடித்தார்கள். இரண்டு இடங்களில் முடிந்தது மூன்றாம் இடத்தில் ஏன் முடியாது? ஒவ்வொரு முறையும் சில கோடிகளைக் கொட்டுவதைவிட ஒருமுறை பெருந்தொகை செலவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

சரிவுப் பொறியாளர்:

நியாயமான ஐயம், மறுப்பதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டெவில்ஸ் ஸ்லைடில் சுரங்கம் போட்டதே சரி. ஆனால் அந்தச் சுரங்கங்களுக்கு 43.9 கோடி டாலர் ஆனது. வாக்கெடுப்பிலிருந்து திறப்பு வரை 17 ஆண்டுகள் ஆயின. அங்கே ஒரேயொரு கெட்ட சரிவு; அதன் பின்னால் ஊடுருவத் தகுந்த உறுதியான மலை முகடு; இருபுறமும் நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் மக்கள். பிக் சரில் நிலைமை அதுவன்று. கார்மெலுக்கும் சான் சிமியனுக்கும் இடையே சரியக்கூடிய இடங்கள் ஒன்றிரண்டல்ல; மட் க்ரீக்கில் சுரங்கம் போட்டிருந்தாலும், அதன் வடக்கு வாயிலிலிருந்து வெளிவந்த வண்டி சில மைல் தொலைவில் பால்ஸ் ஸ்லைடு என்னும் இன்னொரு சரிவில் நின்றிருக்கும். அந்தச் சரிவு 2023 ஜனவரியில் அடைத்த சாலையை 2024 ஜூனில்தான் திறக்க முடிந்தது. தவிர, சுரங்கத்தின் வாயில்கள் அசையாத பாறையில் அமைய வேண்டும்; கடல் முதல் முகடு வரை மலையே நகரும் இடத்தில் அந்த அசையாத பாறையைத் தேடி எவ்வளவு உள்ளே போவது?

பணத்தின் விதியும் ஒன்று உண்டு. பேரிடருக்குப் பின் நடுவண் அரசு தரும் அவசர நிதி பெரும்பாலும் சாலையை முன்பிருந்த நிலைக்கு மீட்பதற்கானது. அதைவிட மேம்பட்ட ஒன்றைக் கட்ட வேண்டுமானால் தனியாகக் காரணம் காட்டி வாதாட வேண்டும். கலிபோர்னியாவின் கடற்கரைச் சட்டமோ, ஊர்ப்புறங்களில் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை இருவழிப் பாதையாக, காட்சிக்கு இனிய சாலையாகவே நீடிக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பொறியாளர் தன் பென்சிலைக் கூர்தீட்ட வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லா இடத்திலும் மண்ணைக் கொட்டி மூடுகிறார்கள் என்று பொருளல்ல. மட் க்ரீக் சரிந்த அதே 2017-இல், வடக்கே ஃபைஃபர் பள்ளத்தாக்கில் பாலத்தின் தூண் சரிவில் இடம்பெயர்ந்து பாலமே பயனற்றுப் போனது. பள்ளத்தின் நிலம் தூணைத் தாங்காது என்றானபின், அங்கே தூணே இல்லாமல் 310 அடிக்கு ஒரே வீச்சாக இரும்பு உத்தரங்களை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளிக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். பிப்ரவரியில் கெட்ட பாலத்துக்கு அக்டோபரில் மாற்றுப் பாலம் வந்துவிட்டது, செலவு 2.4 கோடி டாலர்.

அதே சாலையில் உள்ள ராட் க்ரீக் என்னும் ஓடை இன்னொரு வகை. 2020-இல் டோலன் காட்டுத்தீ ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டது. எரிந்த மலை நீரைக் குடிக்காது. 2021 ஜனவரி 28 அன்று பெய்த மழையில் சேறும் கல்லும் கருகிய மரங்களும் ஓடையில் திரண்டு வந்து கல்வெர்ட்டை அடைத்துவிட்டன. போக வழியற்ற வெள்ளம் சாலைக்கு மேலேறிப் பாய்ந்து, ஏறத்தாழ 150 அடி நீளச் சாலையை அடிமண்ணோடு கடலுக்குக் கொண்டுபோனது. அங்கே மலை உடையவில்லை, தண்ணீரின் வழிதான் அடைபட்டது. எனவே பள்ளத்தை மண்ணால் நிரப்பி, முன்பைவிடப் பெரிய கல்வெர்ட்டைப் பதித்து, ஏப்ரல் 23-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். மட் க்ரீக்குக்கு 14 மாதம், இதற்கு மூன்று மாதத்துக்கும் குறைவு. சாலை எவ்வளவு நீளம் போனது என்பதைப் பார்த்துக் காலத்தைக் கணிக்க முடியாது. எதனால் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மான்டரேவாசி:

நான் பொறியியல் அறியேன். மான்டரேயில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன். சுரங்கமா மண்ணா என்ற விவாதத்தில் அங்கு வாழும் மக்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

2017-இல் வடக்கே ஃபைஃபர் பாலம் இல்லை, தெற்கே மட் க்ரீக் இல்லை. இடைப்பட்ட மக்கள் நிலத்தின் நடுவே தீவுவாசிகளாகிவிட்டார்கள். பள்ளத்தாக்கின் ஓரமாக ஓர் ஒற்றையடிப் பாதையை வெட்டிக்கொடுத்த பிறகு, பிள்ளைகள் அதில் ஏறி இறங்கிப் பள்ளிக்குப் போனார்கள். மளிகைச் சாமான்களைத் தோளில் சுமந்தார்கள். சாண்டா லூசியா மலையைக் கடந்து உள்நாட்டுக்குப் போக நாசிமியென்டோ ஃபெர்குசன் சாலை என்ற ஒரே குறுகலான மலைவழி உண்டு. டோலன் தீக்குப் பின் வந்த மழையில் அதுவும் கெட்டுப்போய் நெடுங்காலம் அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே கடை நடத்தும் நண்பர் ஒருவர், "எனக்குச் சுரங்கமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், இந்தக் கோடைக்குள் ஒரு தடம் திறந்தால் போதும்" என்பார். 17 ஆண்டு காத்திருந்தால் அவர் கடை இருக்காது. குடைவரை அவர்கள் சிக்கனக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2024 மார்ச் 30 அன்று அதே சாலையில் ராக்கி க்ரீக் என்னும் இடத்தில் தெற்கு நோக்கிய தடத்தின் விளிம்பு கடலில் விழுந்தபோது, மலையோரத் தடம் மட்டும் மிஞ்சியது. அதன் வழியே, குறித்த நேரத்தில், வழிகாட்டும் வண்டியின் பின்னால் வரிசையாக எங்களை விட்டார்கள். ஒருமுறை அந்த வரிசையில் சென்றேன். வலப்பக்கம் தடுப்புக் கட்டைகள், அதற்கப்பால் வெறும் காற்று. எவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை, முந்த முயலவில்லை. மே மாதம் போக்குவரத்து விளக்கு வைத்த பிறகுதான் நினைத்த நேரத்தில் போய்வர முடிந்தது.

பொறியாளர் அவர்களிடம் ஒரு கேள்வி. அதே சாலையில் ரீஜென்ட்ஸ் ஸ்லைடு என்னும் சரிவு 2024 தொடக்கத்தில் விழுந்தது. மட் க்ரீக்கைவிடச் சிறியது என்றார்கள். பிறகு ஏன் அவ்வளவு காலம் இழுத்தது?

சரிவுப் பொறியாளர்:

அங்கே சாலைக்கு மேலே சுமார் 450 அடி உயரத்திலிருந்து மலை சரிந்துகொண்டிருந்தது. மட் க்ரீக்கைப் போல விழ வேண்டியது எல்லாம் விழுந்து படுத்துவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கீழேயிருந்து தோண்டினால், தோண்டத் தோண்ட மேலேயிருந்து வரும். ஆகையால் உச்சியிலிருந்து படிப்படியாக வெட்டி இறங்க வேண்டியிருந்தது. சரிவு மீண்டும் அசைந்த போதெல்லாம் ஆட்களை வெளியேற்றினார்கள். ஆளை உள்ளே அனுப்பவே கூடாது என்ற பகுதிகளில், தொலைவிலிருந்து இயக்கும் புல்டோசர்களையும் எக்ஸ்கவேட்டர்களையும் பயன்படுத்தினார்கள். மேற்பகுதியைப் பிடித்து நிறுத்த இரும்புக் கம்பிகளை மலைக்குள் ஆழமாகச் செருகினார்கள். திறப்பு நாள் பலமுறை தள்ளிப்போனதற்கு ஊரார் துறையைக் குறைகூறினார்கள். நானாக இருந்தாலும் நாளைத் தள்ளித்தான் வைத்திருப்பேன். 1983-ஆம் ஆண்டுச் சரிவை அகற்றும் வேலையில் புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை.

கடலோரப் பயணி:

விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. அடி மூட்டையை உருவக் கூடாது என்று ஐயா சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது; எங்கள் கிடங்கில் சிமென்ட் மூட்டை அடுக்கு சரிந்து ஒருமுறை பட்டறிவு உண்டு. ஆனாலும் குடைவரை அவர்கள் காட்டிய பிட்கின்ஸ் பாலத்தையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இறுதியாக ஒன்று: மகள் வீட்டார் வரும் ஜனவரியில் மீண்டும் அந்த வழியாகப் போக எண்ணுகிறார்கள். போகலாமா?

மான்டரேவாசி:

ஜனவரி மழை மாதம். மட் க்ரீக் திறந்த முதல் குளிர்காலத்திலேயே, புயல் வருகிறது என்று தெரிந்தால் எதுவும் விழுவதற்கு முன்பாகவே சாலைக் கதவை அடைத்துவிடும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். புறப்படும் அன்று காலையில் கால்ட்ரான்ஸின் சாலை நிலவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் கேம்ப்ரியாவுக்கு அருகில் 46-ஆம் எண் சாலையில் கிழக்கே திரும்பி, 101-இல் ஏறிச் சலினாஸ் வழியாக மான்டரேக்கு வந்துவிடலாம். அடைத்திராவிட்டால் கோர்டாவுக்கு முன்னும் பின்னும் பெட்ரோல் நிலையங்கள் மிகக் குறைவு என்பதால், சான் சிமியன் தாண்டும் முன்பே தொட்டியை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.